கழற்றிக்கொண்டு போனவை

நிறுத்திவிட்டுப் போன வண்டியின் வெளி உறுப்புகளை மட்டும் கழற்றிக்கொண்டு போவது வாகனத் திருட்டில் சில்லறை ரகம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சைடு மிரர் இருக்காது, வீல் கப் இருக்காது, பானட்டில் பளபளத்த லோகோ இருக்காது, பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னி இருக்காது. முழு வண்டி போனால் அதன் எண் வயர்லெஸ்ஸில் மாவட்டம் முழுக்க ஓடும்; சோதனைச் சாவடியில் மறிப்பார்கள்; வேறு மாநிலத்தில் சிக்கினாலும் சேசிஸ் எண்ணைப் பார்த்துச் சொந்தக்காரருக்குத் தகவல் வரும். மிரர் போனால் இதில் ஒன்றும் நடக்காது. முழு வண்டிக்குப் பதிவெண் உண்டு, எஞ்சின் எண் உண்டு, எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண் உண்டு. கழன்ற மிரருக்கு ஒரு பெயரும் கிடையாது. கதவிலிருந்து பிரிந்த நிமிடமே அது கையில் வைத்திருப்பவருடையதாகிவிடுகிறது. காவல் நிலையத்தின் தயக்கம், இன்சூரன்ஸ் தொகையில் விழும் வெட்டு, காயலான் கடையில் யாரும் கேட்காத கேள்வி எல்லாம் இந்த ஒரு குறையிலிருந்து கிளம்புகிறவை.

இந்தக் களவுக்குத் தோது மூன்று: கூட்டம், இரவு, வண்டிக்காரர் இப்போதைக்குத் திரும்பமாட்டார் என்ற உறுதி. மூன்றும் ஒருசேரக் கிடைப்பது திருவிழாத் திடலில். எந்த ஊர்த் திருவிழாவுக்கும் இது பொருந்தும். இருக்கன்குடியை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாக விளங்கும்.

விருதுநகர் மாவட்டம் சாத்தூருக்குக் கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டரில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோவில். ஆடி, தை, பங்குனி மாதங்களின் கடைசி வெள்ளிகள் இங்கே விசேஷம். ஆடிக் கடைசி வெள்ளிதான் பெரிய கூட்டம். தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்தெல்லாம் லட்சக்கணக்கில் ஜனம் வரும். மஞ்சள் உடுத்தி நடந்தே வருகிறவர்கள் ஒரு பக்கம். வேன், கார், லோடு ஆட்டோ, டிராக்டர் என்று குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கு வேலை நிறைய: முடி காணிக்கை, ஆற்றங்கரைக் குளியல், தீச்சட்டி, மாவிளக்கு, பொங்கல், கிடா வெட்டு, பிறகு சமையல், பிறகு பந்தி. நோய் தீர வேண்டி வயனம் காக்கிறவர்கள் நாள்கணக்கில் கோவிலிலேயே தங்குவார்கள். தீச்சட்டி ஏந்தியவர் பாதி வழியில் வண்டியைப் பார்த்துவரத் திரும்பமாட்டார். இது பக்தருக்குத் தெரிவதைப் போலவே களவாணிக்கும் தெரியும்.

இரவில் வண்டி நிற்கிற திடலில் பெரிதாக வெளிச்சம் இருக்காது. சீரியல் பல்பும் குழல் விளக்கும் கோவிலைச் சுற்றியும் கடைவீதியிலும்தான். அலாரம் காப்பாற்றும் என்று நம்புவதும் இந்த வட்டாரத்தில் வீண். சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. வேட்டு இல்லாமல் இங்கே விசேஷம் கிடையாது. ஒரு வெடி அதிர்ந்தால் வரிசையாக நாலைந்து கார்கள் கத்த ஆரம்பிக்கும், அரை நிமிடம் கத்திவிட்டு அடங்கும். மூன்றாவது தடவை கத்தும்போது யாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கொட்டும் உறுமியும் ஒலிபெருக்கியும் மிச்சத்தை அமுக்கிவிடும். ஊரெல்லாம் அலாரம் அடித்தால் அது அலாரம் இல்லை.

எந்த உறுப்பு போகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கழற்ற எவ்வளவு நேரம், விற்க எவ்வளவு சுலபம், கடையில் புதிதின் விலை என்ன என்ற மூன்றையும் வைத்துத்தான் கை போகும். வீல் கப் வெறும் பிளாஸ்டிக் தட்டு; ரிம்மில் கிளிப்பால் பிடித்திருப்பது. அதன் விலை அற்பம், ஆனால் ஒன்று தொலைந்தவர் நாலாகத்தான் வாங்கவேண்டும் என்பதால் ஒற்றைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. லோகோவைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரட்டைப் பக்க நுரை டேப்பும், இடம் தவறாமல் பொருந்த இரண்டு சிறு முளைகளும் மட்டுமே. லோகோ போன இடத்தைக் காலையில் பார்த்தால் பானட்டில் அதன் வடிவம் அப்படியே இருக்கும்: சுற்றிலும் செம்மண் புழுதி, நடுவில் புழுதி படியாத பெயின்ட், அதன் மேல் கருத்த பசைத் திட்டுகள், இரண்டு சின்ன ஓட்டைகள். கோபத்தில் பிளேடு வைத்துச் சுரண்டுகிறவர்கள் மேல்பூச்சையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டுவைத்துப் பசையை இளக்கி, விரலால் உருட்டி எடுப்பதே சரி. போன லோகோவைவிட டிங்கரிங் செலவு அதிகமாவது இப்படித்தான்.

சைடு மிரர் இப்போது வெறும் கண்ணாடி கிடையாது. உள்ளே மடக்குகிற மோட்டார் இருக்கிறது, இண்டிகேட்டர் இருக்கிறது, விலை கூடிய வண்டியில் கேமராவும் இருக்கிறது. ஒரு காலத்தில் நூறு இருநூறில் முடிந்த பொருள் இன்று பல ஆயிரத்தில் நிற்கிறது. லாரிக்காரர்களுக்குக் கவலை வேறு. சாத்தூர் வழியாகப் போகும் நான்கு வழிச் சாலையோரம் இரவில் நிறுத்தித் தூங்குகிற டிரைவருக்குப் பேட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய், டேங்க் மூடி ஆகிய நாலும் காலையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, பல் துலக்குவதுகூடப் பிறகுதான். பேட்டரியில் ஈயம் இருக்கிறது; உடைத்து உருக்கினால் அதற்கு முகவரி தேவையில்லை.

உலோகத்துக்காக உறுப்பு போவதில் பெரிய கதை சைலன்சருடையது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை சிறு அளவில் பூசப்பட்டிருக்கும். 2021 மார்ச்சில் ரோடியம் ஓர் அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் டொயோட்டா பிரியஸ் கார்களின் அடியில் ஆட்கள் புகுந்தார்கள். இந்தியாவில் அந்த வேட்டைக்கு இலக்கானது மாருதி ஈகோ வேன். குஜராத்திலும் மும்பைப் பக்கத்திலும் அடுத்தடுத்து ஈகோ சைலன்சர்கள் காணாமல் போயின. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர், பால் கேன் ஏற்றுகிறவர், கோவிலுக்கு ஆள் ஏற்றுகிறவர் ஆகியோருடைய வண்டி அது. காலையில் சாவியைத் திருப்பி, டிராக்டர் போலச் சத்தம் வந்த பிறகுதான் திருட்டே தெரியவரும்.

ஸ்போர்ட்ஸ் கார் இந்த வரிசையில் மேல் தட்டு. பட்டாசு, அச்சு, தீப்பெட்டித் தொழில்களால் செழித்த வட்டாரம் என்பதால் விலையுயர்ந்த வண்டிகள் இங்கே அபூர்வக் காட்சி இல்லை. தாழ்ந்த உடம்பு கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களோ பெரும்பாலும் முழு வண்டியாகவே வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறவை. அவற்றில் மிரர் மூடி, முன் உதடு, பின் இறக்கை போன்றவை கார்பன் ஃபைபரில் வரும். தொலைந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வரி உண்டு, வாரக்கணக்கில் காத்திருப்பு உண்டு, வந்த பிறகு அதே நிறத்தைப் பெயின்டில் பிடிக்கிற பாடு தனி. அப்படிப்பட்ட வண்டியின் உறுப்பைச் சாத்தூரிலோ சிவகாசியிலோ விற்க முடியாது. பொருந்துகிற வண்டி ஊரில் இன்னொன்று இருக்காது. ஆகவே அது இரண்டு விதமாகத்தான் போகும்: இணைய வழியில் தூர ஊருக்கு, அல்லது சும்மா ஆசைக்கு. ஆசைக்குப் போவதும் பழைய வழக்கம்தான். 1987இல் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவில் ஒருவர் ஃபோக்ஸ்வாகன் லோகோவைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டு வந்தார். ரசிகர்கள் தெருவில் நின்ற கார்களிலிருந்து அதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். கேட்பவர்களுக்கு இலவசமாகவே லோகோ அனுப்புகிறோம் என்று நிறுவனமே விளம்பரம் செய்யவேண்டி வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் வேறு வழி கண்டது. 1911 முதல் அதன் முகப்பில் நிற்கும் சிறகுப் பெண் சிலை இப்போது கை பட்டால் உள்ளே இறங்கிக்கொள்கிறது. நெதர்லாந்தில் போர்ஷே கார்களின் முகப்பு விளக்குகளே கழன்று போன காலம் உண்டு. வீட்டுக்குள் கஞ்சா வளர்க்க அந்த வெளிச்சம் உதவுகிறது என்று செய்திகள் வந்தன.

போனது எங்கே போகிறது என்பதில் வாங்குகிறவரின் பங்கும் இருக்கிறது. சென்னையில் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை பழைய வாகன உறுப்புகளுக்குப் பேர்போன சந்தை. அங்கே நடப்பதில் பெரும்பகுதி விபத்தில் நொறுங்கிய வண்டிகளையும் காலாவதியான வண்டிகளையும் பிரித்து விற்கும் நேர்மையான வியாபாரம். அது இல்லாவிட்டால் பத்து வருஷ வேனை ஓட்டிப் பிழைக்கிறவர் ஷோரூம் விலை கொடுத்தே தொழிலை மூடிவிடுவார். உத்தரப்பிரதேசம் மீரட்டின் சோத்திகஞ்ச் அதற்கு மறுகோடி. நாடெங்கும் திருடு போன வண்டிகள் அங்கே பிரிக்கப்பட்டு உறுப்புகளாகின்றன என்ற புகார் பல காலம் நிலவியது. 2021 டிசம்பரில் காவல்துறை அந்தச் சந்தையையே மூடியது. முழு வண்டியாக விற்றால் எண் காட்டிக்கொடுக்கும். பிரித்து விற்றால் எதுவும் காட்டிக்கொடுக்காது என்பதே அந்தச் சந்தையின் அடிப்படை. பழைய உறுப்பு வியாபாரத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு: மிரர் தொலைத்தவர் சந்தைக்குப் போய்ப் பாதி விலைக்கு வாங்கி வந்து மாட்டினார், கீறல் உட்பட அது அவருடையதேதான். கிண்டல் என்று ஒதுக்கிவிட முடியாது. தொலைத்தவரே பில் கேட்காத வாடிக்கையாளராக மாறுகிறார். அவருக்கு விற்பதற்காக இன்னொருவருடையது கழல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 379ஆம் பிரிவின் திருட்டு இப்போது 303(2). தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில் ஒரு புதுமை உண்டு. போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, திருடியவர் முதல் தடவைக் குற்றவாளியாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. சிறு திருட்டுக்குச் சிறை வேண்டாம் என்ற நோக்கம் நல்லது. ஆனால் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை இந்த 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டை, நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வீல் கப்பும் லோகோவும் வைப்பரும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் விழுகிறவை. ஆகவே புகாரில் மதிப்பு என்ன எழுதப்படுகிறது என்பது அலட்சியமாக விடக்கூடியது இல்லை. பழைய பொருள்தானே என்று குத்துமதிப்பாக ஆயிரம் இரண்டாயிரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று வருந்திப் பயனில்லை. கம்பெனி விலைச்சீட்டை வாங்கி இணைப்பதே முறை.

அதே சட்டத்தில் கடுமையான பிரிவுகளும் இருக்கின்றன. 112ஆம் பிரிவு சிறு ஒழுங்கமைந்த குற்றம் பற்றியது. கூட்டமாகச் சேர்ந்து செய்யும் திருட்டு அதில் வரும். வாகனத்திலிருந்து திருடுவதை அந்தப் பிரிவின் விளக்கம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டனை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை. திருவிழாத் திடலில் ஒரே இரவில் பத்து வண்டியில் கை வைப்பது தனி ஆள் வேலையாக இருப்பது அரிது என்பதால் பத்துப் பேரும் தனித்தனியாக முணுமுணுப்பதைவிடச் சேர்ந்து புகார் கொடுப்பது வழக்கின் தன்மையையே மாற்றும். 305ஆம் பிரிவு, ஆளையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை என்கிறது. வண்டிக்குள் இருந்த பையும் வண்டியின் மிரரும் இதில் ஒன்றுதானா என்பது வழக்கறிஞர்கள் வாதாட இடமுள்ள கேள்வி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிறவருக்கு 317ஆம் பிரிவு இருக்கிறது. அதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என்பதை நிரூபிக்கவேண்டும். பெயரில்லாத மிரரை வைத்து அதை நிரூபிப்பது எப்படி?

களவு தெரிந்ததும் செய்யவேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் வரிசை முக்கியம். வண்டியை நகர்த்தும் முன் படம் எடுக்க வேண்டும்: முழு வண்டியும் பக்கத்து வண்டிகளும் தெரிகிற மாதிரி ஒன்று, உறுப்பு போன இடத்தை அருகில் வைத்து ஒன்று, நிறுத்தச் சீட்டோடு சேர்த்து ஒன்று. உடைந்து கிடக்கும் கிளிப்பையும் முறிந்த பிளாஸ்டிக்கையும் பெருக்கித் தள்ளாமல் எடுத்துவைக்க வேண்டும். பக்கத்து வண்டிகளில் டேஷ் கேமரா இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். அந்த வண்டி கோவில்பட்டி தாண்டிவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. இருக்கன்குடியிலேயே காவல் நிலையம் உண்டு. திருவிழா நாட்களில் வெளியூர்க் காவலர்களும் பாதுகாப்புக்கு வந்திருப்பார்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது என்றாலும் திரும்பி வரவேண்டியதில்லை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் பதிவாகும். தமிழ்நாட்டு நிலையங்களில் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். அதோடு திருப்திப்படுவதா, எஃப்.ஐ.ஆர். கேட்பதா என்பதை இன்சூரன்ஸ் முடிவு செய்யும். போனது நம்பர் பிளேட் என்றால் மட்டும் இதில் யோசனையே கூடாது. அந்தத் தகடு வேறு வண்டியில் ஏறி வேறு குற்றத்துக்குப் போகலாம். தேதியிட்ட புகார் ஒன்றுதான் சொந்தக்காரரைக் காப்பாற்றும். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு கொண்ட உயர் பாதுகாப்புத் தகடு வந்தது இதனால்தான்.

இன்சூரன்ஸ் பக்கம் போனால் ஏமாற்றம் கணக்கு வடிவில் காத்திருக்கும். கார்களுக்கான முழுப் பாலிசி களவை ஏற்கிறது. வண்டியில் பொருத்தியுள்ள உறுப்புகளும் அதில் அடக்கம். ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலை தேய்மானம். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. மற்ற உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதுக்கு ஏற்ப வெட்டு. அதற்கு மேல் கட்டாயக் கழிவு: 1,500 சி.சி. வரையான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000. ஒரு மிரர் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, முழுதும் பிளாஸ்டிக் கணக்கில் போட்டால் கையில் கிடைப்பது 5,000. ஐந்தாண்டு கிளைம் எதுவும் இல்லாமல் 50 சதவீத போனஸ் வைத்திருப்பவர் இதை வாங்கினால் அந்த போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 12,000 என்றால் முதல் வருஷம் 6,000 கூடுதல். அடுத்த வருஷம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்குவதால் இன்னும் 3,600. ஐயாயிரம் வாங்கி ஒன்பதாயிரத்து அறுநூறு கொடுத்த கதை. தேய்மானம் இல்லாத கூடுதல் பாலிசியும் போனஸ் பாதுகாப்பும் சேர்த்து எடுத்திருந்தால் கணக்கு மாறும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் அவற்றை எடுக்காமல் இருப்பது அறிவீனம். பழைய வேன்காரர் சின்ன உறுப்புக்குக் கிளைம் போடாமல் இருப்பதே லாபம். இருசக்கர வாகனக்காரரின் பாடு இதையும்விட மோசம். வண்டியே சேர்ந்து போனால் ஒழிய, கூடுதலாகப் பூட்டிய உபகரணங்களின் களவுக்குப் பொறுப்பில்லை என்று அவருடைய பாலிசியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

இனி நிறுத்துமிடம். கோவில்களில் வாகனக் கட்டணம் வசூலிக்கும் உரிமை ஏலத்தில் விடப்படுவது வழக்கம். ஏலம் எடுத்தவரின் ஆள் கையளவு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்பது சின்ன எழுத்தில் இருக்கும். இந்தச் சின்ன எழுத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஒரு வழக்கில் பார்த்தது. 1998இல் தில்லி தாஜ் மகால் ஹோட்டலில், வாசலில் நின்ற ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் களவு போனது. நிறுத்தம் உரிமையாளரின் பொறுப்பில் என்று சீட்டில் அச்சடித்திருக்கிறோம் என்றது ஹோட்டல். சாவியை வாங்கிக்கொண்ட பிறகு அது ஒப்படைப்பு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. கவனக்குறைவு இல்லை என்பதை ஹோட்டல்தான் காட்டவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருவிழாத் திடலில் சாவி வண்டிக்காரரிடமே இருக்கிறது என்பது அவருக்குப் பாதகமான வேறுபாடு. ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு காவல் என்று பெயர் போட்டால் அது சேவை. அதில் குறை என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான மதிப்புக்கு மனுக் கட்டணமும் இல்லை. சீட்டைத் தொலைக்காமல் வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தென்பகுதியில் ஒரு காலத்தில் ஏற்பாடு இதற்கு நேர் எதிராக இருந்தது. காவல் கூலி வாங்கியவர், தம் காவலில் களவு போனதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கொடுக்கவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி அதை ஒழிக்க முயன்ற பிறகும் நெடுநாள் அது நீடித்தது. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்டுவருவதும் நடந்தது. அந்த முறையில் மிரட்டலும் பங்குக் கொள்ளையும் கலந்திருந்தன. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் கூலியும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன. இன்றைய சீட்டில் கூலி மட்டும் இருக்கிறது. ஏல நிபந்தனையிலேயே விளக்கு, கேமரா, வரிசைக்கு ஓர் ஆள் என்று எழுதி, களவுக்கு ஒரு வரம்புத் தொகை வரை ஈடு என்றும் சேர்த்தால் ஏலத்தொகை சற்றுக் குறையும். அந்தக் குறைவை நிர்வாகங்கள் ஏற்கத்தான் வேண்டும்.

வண்டிக்காரர் தம் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. நாலு சக்கரத்துக்கும் தலா ஒரு பூட்டு நட்டு, மிரரை மடக்கி வைப்பது, ஸ்டெப்னிக்குச் சங்கிலி, சுவரையோ இன்னொரு வண்டியையோ ஒட்டி நிறுத்துவது, குடும்பத்தில் தீச்சட்டி எடுக்காத ஒருவரை வண்டியில் படுக்கவைப்பது. கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் பலிக்கும். ஆனால் இவை களவைப் பக்கத்து வண்டிக்குத் தள்ளிவிடுகிறவை. களவின் லாபத்தையே குறைப்பது உறுப்புக்கு அடையாளம் கொடுப்பதுதான். அமெரிக்கா 1984இலேயே சட்டம் போட்டு, அதிகம் திருடு போகும் கார் வகைகளில் கதவு, பம்பர், பானட் உள்ளிட்ட முக்கிய உறுப்புகளில் எண் பொறிக்கச் சொன்னது. மணல் துகள் அளவுள்ள நுண்புள்ளிகளில் எண் எழுதி வண்டி முழுக்கத் தெளிக்கும் முறையை, 2012 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்குத் தென்னாப்பிரிக்கா கட்டாயமாக்கியது. இந்தியாவில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019 ஜூலையில் நுண்புள்ளிகளை அனுமதிக்கும் வரைவு விதியை வெளியிட்டது.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் இது. முப்பது ரூபாய் எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டாமல் எந்தத் தமிழ்க் குடும்பமும் விசேஷ வீட்டுக்குப் பாத்திரம் அனுப்புவதில்லை. அதே குடும்பம் பல ஆயிரம் ரூபாய் மிரரைப் பெயரில்லாமல் இருட்டுத் திடலில் விட்டுப் போகிறது. பெயர் வெட்டும் அதே கை மிஷினால் மிரரின் உள்பக்க பிளாஸ்டிக்கிலும், அலாய் வீலின் உட்புறத்திலும், ஸ்டெப்னி ரிம்மிலும், பேட்டரி மேலும், சைலன்சர் மேலும் வண்டியின் பதிவெண்ணைப் பொறித்துவிடலாம். கதவுக் கண்ணாடியில் மட்டும் அந்த மிஷினை வைக்கக்கூடாது, அதிர்வில் மொத்தமும் தூளாகிவிடும். அதற்கு அச்சுத் தகடு வைத்து அமிலப் பசை தடவும் முறை உண்டு. எண் பொறித்த மிரரைக் கடைக்காரர் வாங்கத் தயங்குவார்; வாங்கினால் அவருக்குத் தெரியாது என்று வாதாட முடியாது; போலீஸ் கைப்பற்றினால் யாருடையது என்று தெரியும். பொறித்த எண்களைப் படம் எடுத்து, ஆர்.சி. நகலோடு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய உறுப்பு வாங்குகிறவர்கள் பில் கேட்பதும், எண் சுரண்டிய தடம் இருந்தால் வாங்காமல் திரும்புவதும் இதன் மறுபாதி. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வண்டி எடுக்கிறவர்கள் முந்தின வாரமே பக்கத்துப் பாத்திரக் கடையில் சொல்லிவைத்தால், அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.